மெருகும் சேதாரமும்

"தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்னும் பழமொழியை அறியாத தமிழர் மிகச் சிலரே. பெற்ற தாய் கொடுத்த பொன்னாயினும் அதில் ஒரு மா அளவேனும் எடுக்காமல் விடமாட்டான் பொற்கொல்லன் என்பது அதன் கருத்து. மா என்பது இருபதில் ஒரு பங்கு. கீழ்வாயிலக்கம் பள்ளிகளிலிருந்து மறைந்துவிட்டமையால் இன்றைய மாணவர்க்கு 'மாப்பொன்' என்ற சொல் விளங்குவதில்லை. பழிமட்டும் நன்றாக விளங்கிவிடுகிறது. போதாக்குறைக்குச் சிலப்பதிகாரக் கதை வேறு இருக்கிறது. பாண்டியனிடம் பொய்யுரைத்துக் கோவலன் உயிருக்கு உலை வைத்தவன் ஒரு பொற்கொல்லன். நுண்தொழில் வல்ல கொல்லர் நூற்றுவர் தன் பின்னே வர நடந்து வந்தவன் அவன். அந்த ஒருவன் செய்த குற்றத்தைப் பின்வந்த நூற்றுவர் தலையிலும் நாம் ஏற்றிவிட்டோம்.

இப்பழி எவ்வளவு தூரம் பொருந்தும்? காணாமற்போன அந்த மாப்பொன் உண்மையில் எங்கே போயிற்று? இதனை ஆராயப் புகுந்தால் அறநூல்கள் நமக்கு உதவமாட்டா. பட்டறைக்குள் போய் அரத்தையும் சாணையையும் மெருகுக் கோலையும் பார்க்க வேண்டும். நகையை வடிவாக்கும் கருவிகளைப் பற்றி எழுதியோர் பலர். செய்து முடித்த நகையைத் துலக்கி ஒளியூட்டும் கருவிகளைப் பற்றி எழுதியோர் குறைவு. வழக்கோ அந்தக் கருவிகளின் மேல்தான் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் என் பாட்டியார் பழைய காப்பை அழித்துச் சங்கிலி செய்யப் பத்தர் வீட்டுக்குப் போவார். நானும் கூடப் போவேன். உமியோட்டின் முன்னே அமர்ந்து பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்தார் என்றால் பாட்டியார் கண் இமைக்கமாட்டார். "பத்தரே, எடை போட்டுத்தான் கொடுத்திருக்கேன். அரைக் குன்றிமணி குறைஞ்சாலும் விடமாட்டேன்" என்பார். பத்தர் சிரித்துக்கொண்டே, "ஆச்சி, குறையாம வேணும்னா கறுப்பாவே வாங்கிட்டுப் போங்க. பளபளப்பு வேணும்னா அதுக்குப் பொன்னுதான் விலை" என்பார். அன்று அது எனக்கு வெறும் வாய்ச்சாலமாகப் பட்டது. பின்னாளில் இத்தொழிலின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்த மனிதர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்தது.

பற்றவைத்து எடுத்த நகை பார்வைக்கு அழகாக இராது. நெருப்பிலே கிடந்தமையால் மேனி கறுத்திருக்கும். உருகிய வெங்காரம் கண்ணாடிபோல ஒட்டியிருக்கும். பொடி வைத்து ஊதிய இடங்களில் திட்டுத் திட்டாக மேடு நிற்கும். ('பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வதற்கு இந்தப் பட்டறைப் பொடியே மூலம் என்பர். மூக்குப்பொடியை நினைத்துப் பொருள் சொல்லும் ஆசிரியர்கள் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.) புளிக் கரைசலில் இட்டுக் கறுப்பை நீக்கலாம், பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்து அழுக்கை அகற்றலாம். மேட்டை என்ன செய்வது? அரம் கொண்டு அராவித்தான் ஆகவேண்டும். அராவிய இடத்தில் அரத்தின் பல் கோடு விழும். அக்கோட்டை நீக்க அதனினும் நுண்ணிய அரம் வேண்டும்; அதன் கோட்டை நீக்க நுண்பொடி; அதன் கீறலை நீக்க இன்னும் நுண்ணிய பொடி. ஒவ்வொரு படியும் முந்திய படியின் தழும்பை அழித்துத் தன் தழும்பைச் சிறிதாக விட்டுச் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு தழும்பு சிறுத்தபோது அதனை 'மெருகு' என்கிறோம். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் ஏற்றும் மெருகு கீறல் இன்மையன்று, கீறலின் நுண்மையே என்று நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் எழுதினார். ஒவ்வொரு படியிலும் போவது பொன். பத்தர் சொன்ன விலை இதுதான்.

ஆயினும் ஒளியூட்ட வேறொரு வழியும் உண்டு. பொன் மென்மையான உலோகம். பிசைந்த மாவைப்போல் அழுத்தினால் நகரும். வழவழப்பான எஃகுக் கோலாலோ கடினமான கல்லாலோ அதன் மேனியை அழுத்தித் தேய்த்தால் மேடு பள்ளத்தில் சாய்ந்து சமமாகும். இதில் எதுவும் வெட்டப்படுவதில்லை, எடை குறைவதில்லை, மேலும், அழுத்தம் பட்ட மேற்பரப்பு இறுகி உறுதி பெறுகிறது. இவ்வாறு வெட்டித் தேய்த்தல், அழுத்தித் தேய்த்தல் என்று மெருகிடும் வழி இரண்டு. மேலான கருவியைத் தேடிய மனிதனின் வரலாறு இவ்விரு வழிகளுக்கும் இடையே போய்வந்த வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெட்டித் தேய்க்கும் வழியைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று கிடைக்கும் இடம் வியப்பானது. சாணக்கியர் பெயரால் வழங்கும் அருத்த சாத்திரம் தொழில்நூல் அன்று, அரசியல் நூல். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த சுவடியிலிருந்து அதனைப் பதிப்பித்து 1909-இல் வெளியிட்டார் சாமா சாத்திரியார். அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் பொற்கொல்லர் எவ்வெவ்வாறு பொன்னைக் களவாடுவர் என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. தட்டி எடுத்தல், அறுத்து எடுத்தல், சுரண்டி எடுத்தல் என்று சொல்லிவந்து, நான்காவதாகத் தேய்த்து எடுத்தலைக் கூறுகிறது. அரிதாரம், மனோசிலை, சாதிலிங்கம் ஆகியவற்றுள் ஒன்றின் பொடியையோ குருவிந்தப் பொடியையோ துணியில் பூசி, அத்துணியால் நகையைத் தேய்ப்பது அது.

களவு என்ற பெயரை நீக்கிவிட்டுப் பாருங்கள். துணியில் நுண்பொடி பூசி நகையைத் தேய்ப்பது இன்று உலகமெங்கும் நகைப் பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் வேலை. மெருகிடும் கருவியும் திருடும் கருவியும் ஒன்றே! துணி ஒன்று, பொடி ஒன்று, கை அசைவும் ஒன்று. வேறுபாடு துணியில் ஒட்டிய பொன் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதை அந்நூலார் அறியாதவர் அல்லர். வேலையில் இயல்பாக நேரும் குறைவுக்கு ஒரு சுவர்ண எடைக்கு ஒரு காகணி என்று தேய்மானமும் அவர் ஒதுக்குகிறார். நாம் இன்று 'சேதாரம்' என்று கடையில் கொடுப்பதற்கு இதனினும் பழைய சான்று என் கண்ணில் படவில்லை. அரசு பொற்கொல்லனைச் சந்தேகித்தது. ஆனால் பொன் தேயும் என்பதையும் ஒப்புக்கொண்டது. நம் பழமொழி முன்னதைமட்டும் வைத்துக்கொண்டு பின்னதை மறந்தது.

மேலே வந்த குருவிந்தம் என்னும் சொல்லின்மேல் தமிழாசிரியர் சற்றே நிற்றல் வேண்டும். தமிழில் அக்கல்லுக்குக் குருந்தம், குருந்தக்கல் என்று பெயர். வைரத்துக்கு அடுத்த கடினமுடைய கனிமம் அது. கடினத்தை அளக்கும் மோசு அளவையில் வைரம் 10, குருந்தம் 9, பொன் ஏறக்குறைய 2.5 முதல் 3. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறம் பெற்ற வகைகளே. ஒளிபுகாத, சாதாரணக் குருந்தம் சேலம், கோயமுத்தூர்ப் பகுதிகளில் கிடைத்தது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆலந்து என்பார் 1901-இல் விரிவாக எழுதியிருக்கிறார். குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கோடு கலந்து, வட்டமாக வார்த்து, தண்டில் கோத்து, வில்லின் நாணைச் சுற்றி இழுத்தால் அதுவே சாணை. நம் நாட்டு மணிவினைஞர் நெடுங்காலம் கையாண்ட கருவி இது. பொடி தேய்ந்துபோனால் அரக்கை மீண்டும் உருக்கிப் புதுப்பொடி சேர்த்து வார்த்துக்கொள்ளலாம். எளிய பொருள்களால் இவ்வளவு நுட்பமான கருவியை ஆக்கியவர்களுக்கு நாம் எந்தப் பழமொழியும் வைக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து இலண்டன் சென்றது. சார்லசு கிரெவில் என்பவர் 1798-இல் அரச கழகத்தின் ஏட்டில் இதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்லோடு பெயரும் போயிற்று. இன்று உலகத்துக் கனிமநூல்களில் எல்லாம் 'கொரண்டம்' என்று வழங்குவது நம் குருந்தமே. ஆங்கில அகரமுதலிகளும் இதன் மூலம் தமிழ் என்றே குறிக்கின்றன. கட்டுமரத்தையும் சுருட்டையும் சொல்லி மகிழும் நாம் இதனையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் பொற்கொல்லர் பொன்னுக்குச் சாணையை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை. அது கல்லுக்கு உரியதாகவே இருந்தது. காரணம் வெளிப்படை. நம்மவர் விரும்பியது மாற்று உயர்ந்த பொன். 22 காரட்டுப் பொன் மென்மையானது. சாணையில் பிடித்தால் கரைந்து ஓடும். அதற்கு ஏற்றது அழுத்தும் வழி. அன்றியும் பொன் வாடிக்கையாளருடையது. எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கும் வழக்கம் உள்ள இடத்தில், எடை குறையாமல் ஒளி தரும் கருவிதான் பத்தரின் மானத்தைக் காக்கும். ஆகவே நுண்ணரம் சிறிது, மெருகுக் கோல் பெரிது என்பதாக அவர் வேலை அமைந்தது. எஃகுக் கோலும், கைப்பிடியில் பதித்த வழவழப்பான அகேட்டுக் கல்லும் அவர் கருவிகள். இடையிடையே பூந்திக்கொட்டை நீரைத் தொட்டுக்கொள்வார். உலர்ந்த கோல் பொன்னைப் பற்றி இழுத்துக் கிழிக்கும். நுரை பட்ட கோல் வழுக்கிச் செல்லும்.

நிறம் கூட்டுவதற்கு அவர் பொடியையும் நாடவில்லை, பூச்சையும் நாடவில்லை. உப்பு, வெடியுப்பு, படிகாரம் ஆகியவற்றின் கலவையில் நகையை வேகவைத்தால் மேற்பரப்பில் உள்ள செம்பும் பிறவும் கரைந்து போகும். தூய பொன் மட்டும் மேலே நிற்கும். ஐரோப்பியப் பொற்கொல்லரும் இம்முறையை அறிந்திருந்தனர். நம் மலாய் அண்டையர் இதிலே ஒரு படி மேலே போய்ப் பொன்னைச் செக்கச் செவேல் என்று நிறமேற்றும் கலையை வளர்த்தனர். மலாய் மொழியில் அதனைச் 'செபுஹ்' என்பர். அரும்பொருட்காட்சியில் பழைய மலாய் இடைவார்ப் பூட்டுகளைப் பார்ப்போர் அந்தச் செம்மை பழமையால் வந்த கறை என்று எண்ணிவிடுகின்றனர். அது கறையன்று, கைத்திறன்.

இனி மேற்றிசைக்குச் செல்வோம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலசு என்ற புனைபெயரில் ஒரு துறவி இலத்தீன் மொழியில் கைத்தொழில் நூலொன்று எழுதினார். அரம் செய்வது எப்படி என்பதை அதில் அவர் விளக்குகிறார். எஃகைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் உருளையாகவும் அடித்து, சுத்தியலும் உளியும் கொண்டு ஒவ்வொரு பல்லாக வெட்டி, எரித்த மாட்டுக்கொம்பும் உப்பும் சேர்ந்த பொடியில் புரட்டித் தீயிலிட்டு நீரில் தோய்க்க வேண்டும் என்கிறார். வெள்ளியில் கருமை பதித்த வேலைப்பாட்டைத் துலக்குவதற்கு மென்கல், மென்மையான ஒரு மரத்தின் குச்சி, ஓட்டுத்தூள் என்று படிப்படியாகச் சொல்லி வந்து, கடைசி மெருகுக்குக் காதுக் குறும்பியை எடுத்துப் பூசித் துணியால் துடைக்கச் சொல்கிறார். படிப்பவர் முகம் சுளிக்கலாம். ஆனால் கையருகே எப்போதும் கிடைக்கும் மென்மையான மெழுகு அதுதானே! தொழிலாளி நூலெழுதினால் இப்படித்தான் எழுதுவான். ஏட்டறிவு மட்டும் உள்ளவன் இதனை எழுதியிருக்க மாட்டான்.

அரத்தின் பல்லைக் கையால் வெட்டும் வேலை நூற்றாண்டுக் கணக்காக மாறவில்லை. இலியனார்டோ தா வின்சி பதினைந்தாம் நூற்றாண்டில் அரம் வெட்டும் பொறி ஒன்றை வரைந்து வைத்தார். அவருடைய பல படங்களைப் போலவே அதுவும் அன்று நாட்டில் வழக்கத்துக்கு வரவில்லை. பின்வந்தோர் பொறிகள் செய்தபோது எதிர்பாராத ஒரு குறை தோன்றியது. பொறி வெட்டிய பற்கள் அளவெடுத்தாற்போல் ஒரே இடைவெளியில் நின்றன. அத்தகைய அரம் அதிர்ந்து குதித்தது. முன்பல் விழுந்த தடத்திலேயே பின்பல்லும் விழுந்து பள்ளம் பறித்தது. கையால் வெட்டிய அரத்தில் பற்கள் சற்றே முன்பின்னாக இருந்தமையால் ஒன்று விட்ட மேட்டை மற்றொன்று எடுத்தது. கைப்பிழை என்று கருதப்பட்டதே அரத்தின் உயிராக இருந்திருக்கிறது! அமெரிக்காவில் பிராவிடன்சு நகரத்தில் 1864-இல் அரத் தொழிற்சாலை தொடங்கிய நிக்கல்சன் என்பார் பற்களின் இடைவெளியைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வெட்டும் பொறியை அமைத்த பின்னரே பொறியரம் கையரத்தோடு போட்டியிட முடிந்தது. பிராவிடன்சு நகைத் தொழிலுக்கும் பேர்போன ஊர்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1854-ஆம் ஆண்டுச் சட்டம் 15, 12, 9 காரட்டுப் பொன்னுக்கும் முத்திரையிட இடம் கொடுத்தது. 9 காரட்டு என்றால் 24 பங்கில் 9 பங்கே பொன். மற்றவை செம்பும் வெள்ளியும் பிறவும். அது கடினமானது, மெருகுக் கோலுக்கு எளிதில் மசியாது, ஆனால் சுழலும் சக்கரத்தைத் தாங்கும். பர்மிங்காம் நகரத்து நகைப் பேட்டையில் நீராவியால் சுழலும் மெருகுச் சக்கரங்கள் முழங்கின. தேய்ந்து போகும் உலோகத்தின் விலை குறைந்தது. விரைவுக்கு மதிப்பு ஏறியது. நகை எடைக்கு விற்காமல் வடிவுக்கு விற்றது. ஒரு பத்தர் ஒரு நாள் அழுத்தித் தேய்க்கும் வேலையைச் சக்கரம் சில நிமிடங்களில் முடித்தது.

மேற்கே சக்கரமும் நம்மிடம் கோலும் நிலைத்தமைக்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிபு. அறிவில் முன்னவர் பின்னவர் என்று இதனை அளப்பது தவறு. கையில் இருந்த பொன் வேறு. அப்பொன்னுக்கு உரியவர் வேறு.

சக்கரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்தவர் பெரும்பாலும் பெண்கள். பர்மிங்காமில் மெருகிடும் வேலை பெண்களின் வேலையாகவே இருந்தது. செபீல்டு நகரத்தில் வெள்ளிப் பாத்திரங்களையும் கரண்டிகளையும் துலக்கிய பெண்கள் உடுப்பின்மேல் பழுப்புக் காகிதத்தை முன்றானையாகக் கட்டி, தலையில் துணி சுற்றிக்கொண்டு, தூசி மண்டிய அறைகளில் நின்றனர். உரோதன்சுடைன் என்ற ஓவியர் 1919-இல் அவர்களை வரைந்திருக்கிறார். மெருகின் விலை பொன் மட்டுமன்று என்பதை அவ்வோவியத்தைக் கண்டவர் அறிவர்.

சக்கரத்தில் பூசும் பொடிகளுள் சிறந்தது செம்பொடி. அன்னபேதியைச் சுட்டால் கிடைக்கும் இரும்புத் துருவின் நுண்தூள் அது. மெருகுக் கோலில் பதிக்கும் செந்நிறக் கல் ஒன்று உண்டு. அதுவும் இரும்புத் துருவே. நாம் சுவரில் பூசும் காவியும் அதுவே. கல்லாக இருந்தால் அழுத்துகிறது. தூளாக இருந்தால் தேய்க்கிறது. அப்படியானால் செம்பொடி பொன்னை வெட்டுகிறதா, அல்லது அதுவும் அழுத்தி நகர்த்துகிறதா? அறிஞரிடையே இதுபற்றி நெடும்பூசல் நிகழ்ந்தது. நியூட்டன் கட்சி வெட்டு என்றது. சர் சார்ச்சு பெய்ல்பி 1921-இல் எழுதிய நூலில், மெருகிடும்போது மேற்பரப்பு நீர்போல் ஓடிப் படிந்துவிடுகிறது என்று வாதிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நுண்ணோக்கிகள் சிறந்தபோது, பொடியிட்ட மெருகில் வெட்டுதலே முதன்மை என்று தெளிந்தனர். எடை குறைவதைத் தராசில் கண்டிருந்த பத்தர்களுக்கு இம்முடிவு புதிதாக இருந்திராது.

மீண்டும் நம் குருந்தத்துக்கு வருவோம். 1891-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வர்டு ஆச்சிசன் என்பவர் களிமண்ணையும் கற்கரித் தூளையும் ஓர் இரும்புக் கிண்ணத்தில் இட்டு மின்னோட்டம் செலுத்தினார். நடுவே நின்ற கரிக்கோலில் மின்னும் மணிகள் சில ஒட்டியிருந்தன. அவை கண்ணாடியைக் கீறின. கரியும் குருந்தமும் கூடிப் பிறந்த பொருள் என்று எண்ணிக் கார்பன், கொரண்டம் என்னும் இரு சொல்லையும் இணைத்துக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். பின்னர் ஆராய்ந்தபோது அதில் குருந்தம் சிறிதும் இல்லை. கரியும் சிலிக்கனும் சேர்ந்த சேர்மம் என்று தெரிந்தது. பொருளில் இல்லாத குருந்தம் பெயரில் நிலைத்துவிட்டது. சேலத்துப் பாறையின் தமிழ்ப் பெயர் இப்படித்தான் நயாகரா அருவியின் மின்சாரத்தால் இயங்கிய தொழிற்சாலையின் பெயர்ப்பலகை வரை ஏறிற்று. முதலில் மணிகளுக்கு மெருகிடுவோர்க்கே அது விற்கப்பட்டது. 1921-இல் அத்தூளை நனையாத் தாளில் ஒட்டி நீரோடு தேய்க்கும் உப்புத்தாள் வந்தது. நகைப் பட்டறையில் அதுவரை இருந்த பொடிக் கிண்ணங்கள் பலவற்றை அத்தாள் ஓரங்கட்டியது. நீர் விட்டுத் தேய்ப்பதால் தூசி பறப்பதில்லை. பொன்தூளும் நீரோடு கிண்ணத்தில் தங்கிவிடும்.

நகைத் தொழிலுக்கு வந்த இன்னொரு சிறந்த கருவி பல் மருத்துவரிடமிருந்து வந்தது. 1871-இல் மாரிசன் என்பவர் காலால் மிதித்துச் சுழற்றும் பல் துளைப்பொறிக்கு உரிமம் பெற்றார். பின்னர் மின்விசையில் இயங்கும் பொறி வந்தது. கொக்கியில் தொங்கும் மின்பொறி, பாம்புபோல் வளையும் தண்டு, எழுதுகோல்போல் பிடிக்கும் கைப்பிடி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதி என்று அது பொற்கொல்லன் பலகைக்கு வந்து சேர்ந்தது. அரம் நுழையாத சந்திலும் கடுகளவு சக்கரம் நுழைந்தது. பல்லுக்கும் நகைக்கும் வேலை ஒன்றுதானே! சிறிய இடத்தில் கடினமான பொருளைக் கை நடுங்காமல் தேய்ப்பது. ஆனால் கைக்கோலைப்போல் இக்கருவி மன்னிக்காது. ஓர் இமைப்பொழுது கூடுதலாக அழுத்தினால் கூர்மையான பூவிதழின் விளிம்பு மழுங்கிவிடும். பழைய நகையையும் இன்றைய நகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் வரை தெளிவாக நிற்கும். இன்றையதில் மின்னல் மிகுதி, வரை குறைவு. எல்லா நகைகளும் அப்படியல்ல. விரைந்து செய்த நகைகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

இப்போது காலச்சக்கரம் சுழன்று அழுத்தும் வழிக்கே வந்திருக்கிறது. சிறிய எஃகுக் குண்டுகளையும் ஊசிகளையும் சோப்பு நீரோடு ஓர் உருளையில் இட்டு, அதனுள் நகையைப் போட்டுச் சில மணி நேரம் உருட்டுகின்றனர். ஆயிரக்கணக்கான எஃகுத் துண்டுகள் ஆயிரக்கணக்கான மெருகுக் கோல்களாகி நகையைத் தட்டி அழுத்துகின்றன. மயிரிழை போன்ற எஃகு ஊசிகளைக் காந்தத்தால் சுழற்றிக் கம்பி வேலைப்பாட்டின் உட்புறத்தையும் துலக்கும் பொறியும் உண்டு. இரண்டிலும் எடை குறைவது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இவை அரக்கோட்டை அழிக்கமாட்டா. கீறலோடு போட்டால் கீறலும் சேர்ந்தே மின்னும். ஆகவே உப்புத்தாளும் நுண்ணரமும் இன்னும் பலகையைவிட்டு இறங்கவில்லை. பூந்திக்கொட்டை நுரையும் கோலும் செய்த வேலையைச் சோப்பு நுரையும் எஃகுக் குண்டும் செய்கின்றன என்று சொன்னால் அந்தப் பேராக் பத்தர் நம்பியிருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு பழமொழியின் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா என்று கேட்போர்க்கு விடை சொல்ல வேண்டும். உண்டு. தேய்ந்த பொன் அழிவதில்லை, பட்டறையிலேயே கிடக்கிறது. 1510-இல் உரோமில் அச்சான தம் பயண நூலில், இத்தாலியரான வர்தேமா கள்ளிக்கோட்டையில் கண்ட ஒன்றை எழுதியிருக்கிறார். நாணயம் மாற்றுவோர் உரைகல்லில் படிந்த பொன்னை மெழுகு போன்ற ஓர் உருண்டையால் ஒற்றி எடுத்து, உருண்டை நிறைந்தபின் உருக்கிப் பொன்னைப் பிரித்துக்கொண்டனராம். பர்மிங்காம் பட்டறைகளில் பலகையின் அடியில் தோலைக் கட்டி அரப்பொடியைப் பிடித்தனர். தரையைக் கூட்டிய குப்பையை எரித்துச் சாம்பலிலிருந்து பொன் எடுத்தனர். கை கழுவிய நீரையும் தொட்டியில் தேக்கினர். நம் ஊர்களிலும் பட்டறை மண்ணை விலை பேசி வாங்கி, அரித்துப் பொன் எடுத்துப் பிழைத்தோர் இருந்தனர். அந்த மண்ணின் விலை பொன்னுக்கு உரிய தாயிடம் போகவில்லை. குறை சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கூலி மிகக் குறைவாகவும் பழி மிக அதிகமாகவும் கிடைத்த ஒருவன் தன் பலகைத் தூசியை விற்றதைக் களவு என்று நான் எழுதமாட்டேன்.

மலாக்காவில் 'சாலான் துக்காங் எமாசு' என்றொரு தெரு உண்டு. பொற்கொல்லர் தெரு என்பது பொருள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அத்தெருவில்தான் இருக்கிறது; அதனை அடுத்து வரும் தெரு இரும்புக் கொல்லர் பெயரைத் தாங்குகிறது. சென்ற ஆண்டு அவ்வழியே நடந்தபோது அரம் அராவும் ஓசையை என் காது தேடிற்று, கேட்கவில்லை. திரும்பும் வழியில் வேறோர் ஊரில் பேத்திக்கு ஒரு சங்கிலி வாங்கினேன். பொறியிலே பின்னி, பொறியிலே மெருகேறி வந்த சங்கிலி. எந்தப் பத்தரின் அரமும் அதன்மேல் படவில்லை. விலைச்சீட்டில் பொன்னின் எடை ஒரு வரி, செய்கூலி ஒரு வரி. அதற்குக் கீழே சேதாரம் என்று மூன்றாவது வரி இருந்தது. "தம்பி, இந்தச் சேதாரம் எங்கே போச்சு?" என்று கேட்டேன். கணக்கெழுதிய இளைஞர் நிமிர்ந்து பார்த்து, "அது எப்பவும் போடுறதுதான் ஐயா" என்றார்.